பெயரும் மெய்யும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றி ஒரு மதிப்பீடு

தமிழ் இலக்கிய வரலாறு கூறும் நூல்களில் 'கிறித்தவர் வளர்த்த தமிழ்' என்றொரு பகுதி தவறாமல் இடம்பெறுகின்றது. வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ணபிள்ளை, மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண்டு, ஒரு நூல், ஒரு பட்டம் உண்டு. மெர்போக்கிலும் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் தமிழ் பயிலும் மாணவரும் அவற்றை அவ்வாறே மனனம் செய்கின்றனர். தேம்பாவணியை இயற்றியவர் யார்? கிறித்தவக் கம்பர் எனப் பெறுபவர் யார்? விடை சரியாயின் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்நூல்களுள் கிறித்தவம் எவ்விடத்தில் இருக்கின்றது என்னும் வினா மட்டும் எழுவதேயில்லை.

ஒரு நூல் எதனால் கிறித்தவ நூல் ஆகின்றது? ஆசிரியர் திருமுழுக்குப் பெற்றவர் என்பதனாலா? ஏசுவின் பெயரும் விவிலிய மாந்தரின் பெயர்களும் பாட்டில் வருகின்றன என்பதனாலா? இவ்விரண்டும் அடையாளங்களே. நற்செய்தி நூல்களைப் படித்தோர் அறிவர்: ஏசு பெருமான் மிகக் கடுமையாகப் பேசியது சமயமற்றோரை நோக்கி அன்று, சமயத்தை ஆடையாக உடுத்தியோரை நோக்கியே. தெருமுனையில் நின்று பிறர் காணச் செபிப்போரையும், வாயால் மட்டும் தம்மை ஆண்டவரே என்று விளிப்போரையும் அவர் ஏற்கவில்லை. அத்தகையோர்க்குத் தமிழ் விவிலியம் இட்ட பெயர் 'மாயக்காரர்' என்பது. நம் வள்ளுவரும் 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரமே வகுத்து, தவக்கோலத்தை மறைப்பாகக் கொண்டு தீமை செய்வோரைக் கண்டித்தார். ஆகவே பெயருக்கும் மெய்க்கும் உள்ள இடைவெளியை அளப்பது கிறித்தவத்துக்கும் புதிதன்று, தமிழுக்கும் புதிதன்று. அவ்வளவுகோலைக் கிறித்தவத் தமிழ் நூல்கள்மீதே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

குறத்தியும் இருக்கையும்

வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சுவார்ட்சு ஐயர் அவரைச் சிறு பருவத்திலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோசியும் அதே ஆசானின் அரவணைப்பில் வளர்ந்தவர். சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்து, பாமரரும் பாடும் எளிய வடிவங்களில் பல நூல்களைச் செய்தார். அவற்றுள் தலைசிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாயிலில் எழுந்த பெத்லகேம் குறவஞ்சி.

குறவஞ்சி என்னும் வடிவம் நமக்குப் பழக்கமானது. தலைவி காதலால் வாடுவாள். குறத்தி வந்து குறி சொல்வாள். குறவன் வலை வீசிப் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் இவ்வமைப்பைச் சிதைக்காமல் உட்பொருளை மட்டும் மாற்றினார். தலைவி திருச்சபை, தலைவன் கிறித்து, குறி சொல்லும் குறத்தி விசுவாசம், வலை வீசும் குறவன் நற்செய்தி கூறும் உபதேசி. மலை மலையாய் அலைந்து, ஊர்ப்புறத்தில் தங்கி, கூழுக்குக் குறி சொல்லும் ஓர் எளிய பெண்ணை விசுவாசத்தின் வடிவமாக நிறுத்தியது எளிய செயலன்று. தாழ்ந்தோரை உயர்த்தும் நற்செய்தியின் உள்ளத்தைப் புலவர் தொட்டுவிட்டார் என்றே அவ்விடத்தில் நமக்குத் தோன்றுகின்றது.

இனி அவர் வாழ்வின் மற்றொரு பக்கத்தைக் காண்போம். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய குருமார்க்கும் சாஸ்திரியார்க்கும் பெரும் பிணக்கு மூண்டது. 1829-ல் அவர் தம் முறையீடுகளை எழுத்தில் வைத்தார். பழகிய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர் என்பது ஒரு குறை. திருமணத்திலும் பிற நிகழ்ச்சிகளிலும் பூச்சூடுதலைத் தடுக்கின்றனர் என்பது ஒன்று. தமிழ்ப் பண்ணையும் பாட்டையும் ஆலயத்தினின்று விலக்குகின்றனர் என்பது ஒன்று. இறுதியாக, ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு வற்புறுத்துகின்றனர் என்பது ஒன்று. இந்நான்கையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். பூவும் பாட்டும் போலவே சாதியும் உலகியல் வழக்கம். அது புறத்தைச் சேர்ந்தது. விசுவாசத்தைத் தொடுவதன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தில் பாதி பொன், பாதி களிம்பு. பூவைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் அவர் கூறியது முற்றும் சரி. மணமகள் கூந்தலில் மல்லிகை இருப்பதால் நற்செய்தி மாசுபடுவதில்லை. ஐரோப்பிய மெட்டில் பாடினால்தான் இறைவன் செவிசாய்ப்பான் என்பதும் இல்லை. தம் நாட்டுப் பழக்கத்தையே கிறித்தவம் என்று எண்ணிய குருமார் அங்கே புறத்தை அகமென மயங்கினர். சாஸ்திரியார் அன்று உறுதியாக நின்றிராவிடில், தமிழ்ப் பண்ணில் இன்று ஒலிக்கும் கீர்த்தனைகள் இத்துணைப் பெருகியிரா.

ஆனால் சாதியைப் பூவோடு சேர்த்தது பிழை. பூ எவரையும் புண்படுத்துவதில்லை. தனி இருக்கை புண்படுத்துகின்றது. ஒருவனைக் கோயிலின் மறுபக்கத்தில் அமர்த்தி, நான் பருகிய பின்னரே நீ பருகவேண்டும் என்பது வெறும் ஆடை வேறுபாடு அன்று. அது அயலானிடத்தில் செய்யும் செயல். அயலானை நேசி என்பதே மையக் கட்டளையாக உள்ள ஒரு சமயத்தில், அயலானைத் தாழ்த்தும் வழக்கம் புறவழக்கம் ஆதல் எங்ஙனம்? குறத்தியைப் பாட்டில் விசுவாசமென்று போற்றிய புலவர், அக்குறத்தியைப் போன்றாள் ஒருத்தி ஆலயத்துள் நுழைந்தால் எங்கே அமர்த்துவது என்ற இடத்தில் தடுமாறினார். கவிதை சென்ற தொலைவுக்குக் கவிஞரால் செல்ல இயலவில்லை.

1833-ல் தானியேல் வில்சன் என்னும் பேராயர், திருச்சபையில் சாதி அறவே ஒழியவேண்டும் என்று கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதியினர் எனப்பட்டோர் பலர் சபையை விட்டு விலகிச் சென்றனர். அவர்கள் அனைவரும் கிறித்தவப் பெயர் தாங்கியவர்களே. பெயரைக் காத்து, அப்பெயர் கோரிய ஒன்றைமட்டும் விட்டனர்.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. புறக்கோலம் யாவும் பொய்க்கோலம் ஆகா. மொழி, பண், உடை, பூ ஆகியவை பாத்திரத்தைப் போன்றவை. எப்பாத்திரத்திலும் நீரை நிரப்பலாம். பிறனைத் தாழ்த்துவதற்குப் பயன்படும் அடையாளம் எதுவோ, அதுவே நம்பிக்கையைப் பொய்யாக்கும் புறக்கோலம்.

தன் பெயரை மறுக்கும் பயணி

ஜான் பனியன் என்பார் இங்கிலாந்தில் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. உரிமம் பெறாமல் சமயவுரை ஆற்றினார் என்பதற்காக 1660 முதல் ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் இருந்தார். 1678-ல் அவர் வெளியிட்ட உருவகக் கதை, அழிவின் நகரத்தை விட்டு வான்நகரம் நோக்கிச் செல்லும் ஒரு பயணியின் வரலாறு. பெயர்க் கிறித்தவர்களைப் பற்றி அதனினும் கூர்மையாக எழுதிய நூல் அரிது.

வழியில் இருவர் வாயில் வழியே வராமல் சுவரேறிக் குதித்து வருகின்றனர். ஒருவன் சடங்குக்காரன், மற்றவன் வேடதாரி. எங்கள் ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் குதிக்கின்றோம் என்று வழக்கத்தைச் சான்றாக்குகின்றனர். இன்னொருவன் வாய்ப்பேச்சாளன். வெளியே அவன் சமயப் பேச்சு இனிக்கும். வீட்டாருக்கோ அவன் கொடியவன். வேறொருவன் ஆதாயம் நாடி. சமயம் வெள்ளிச் செருப்பு அணிந்து வெயிலில் உலாவும்போது அவனும் உடன் உலாவுவான். கந்தை உடுத்தினால் விலகி நடப்பான். அவனைப் பெயர் சொல்லி அழைத்தால், அஃது என் பெயரன்று, பகைவர் இட்ட பட்டப்பெயர் என்று மறுக்கின்றான். மெய்ப்பெயரை மறுத்து நற்பெயரை வேண்டும் இவ்வொரு குறிப்பில் பனியன் மனித மனத்தை முழுதும் காட்டிவிடுகின்றார். நூலின் இறுதியில் ஒருவன் வான்நகரத்தின் கதவுவரை வந்தும் உள்ளே புகாமல் வீழ்கின்றான். கதவுக்கு அருகில் இருத்தலும் உள்ளே இருத்தலும் ஒன்றல்ல என்பதே அவர் விடும் எச்சரிக்கை.

இக்கதையைத் தமிழ்க் காவியமாக்கினார் கிருஷ்ணபிள்ளை. 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறி, 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் நூல்வடிவம் பெற்றது. ஐந்து பருவங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட பெருநூல் அது. இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களையும் அமைத்தார். சைவர் தம் திருமுறைக்கு வழங்கும் பெயரைக் கிறித்தவப் பாடலுக்கு இட அவர் கூசவில்லை. பாத்திரம் வேறு, நீர் வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

இந்நூலின் உயிர்நிலை குமார பருவம். ஏசுவின் பாடுகளையும் சிலுவை மரணத்தையும் அங்கே விரித்துப் பாடுகின்றார். பனியன் கதையில் இப்பகுதி இவ்வாறு இல்லை. இது கிருஷ்ணபிள்ளை தாமே சேர்த்தது. பிறர் கதையைத் தழுவிச் செல்லும் புலவர் ஒருவர், தம்மை மாற்றிய நிகழ்ச்சி எதுவோ அங்கே மட்டும் நின்று நெடிது பாடுகின்றார் என்றால், நம்பிக்கை அங்கேதான் பேசுகின்றது. ஏசுவை வைதோரையும் அடித்தோரையும் பற்றிய பாடல்களில் பகைமை இல்லை. ஏசுவின் பொறுமையைக் கண்டு உருகும் உள்ளமே உண்டு. ஆழ்வார்களிடம் கற்ற உருக்கம் அங்கே தன் புதிய இடத்தைக் கண்டுகொண்டது.

குறையும் உண்டு. பனியனின் உரைநடை சந்தையிலும் சத்திரத்திலும் வழங்கிய பேச்சு. ஆதாயம் நாடி பேசினால் ஆதாயம் நாடியின் குரலே கேட்கும். காவிய விருத்தத்திலோ நல்லோனும் அல்லோனும் ஒரே மிடுக்கில் பேசுகின்றனர். வேடதாரியின் சொல்லுக்கும் கம்பன் தந்த பட்டாடையே போர்த்தப்படுகின்றது. போலியைக் குரலால் இனங்காண வேண்டிய இடத்தில், ஆசிரியர் சொல்லித்தான் நாம் அறிகின்றோம். உருவகக் கதைக்கு இஃது இழப்பே. மேலும், மரபு கருதி அமைந்த வருணனைகள் சில இடங்களில் பயணத்தை நிறுத்திவைக்கின்றன.

இக்காரணத்தால் 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டம் அவருக்கு நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்தது எனலாம். அப்பட்டம் அவர் கம்பனைப் போன்றிருக்கும் இடங்களுக்கு நம் கண்ணைத் திருப்புகின்றது. அவை பெரும்பாலும் அவர் வலுக்குறைந்த இடங்கள். அவர் கம்பனை மறந்து கரையும் இடங்களோ பட்டத்தின் நிழலில் மறைகின்றன. சமயத்துக்குப் பெயர்ப்பலகை செய்யும் தீங்கை இலக்கியத்துக்குப் பட்டம் செய்கின்றது.

பெயர் சொல்லாத பெருமை

இதற்கு நேர்மாறான ஒருவரை அடுத்து நோக்குவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ல் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முனிசீபாகப் பணியாற்றியவர். 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழ் நாவலின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைச் சைவரும் வைணவரும் தயக்கமின்றிப் பாடினர். கச்சேரி மேடைகளிலும் அவை ஏறின. அவற்றுள் இறைவன் உண்டு, அறம் உண்டு, ஒரு சமயத்தார்க்கு மட்டுமே உரிய திருப்பெயரை வற்புறுத்தல் இல்லை. பெயர்களை எண்ணிக் கிறித்தவ இலக்கியத்தை அளப்போர்க்கு இந்நூல் பட்டியலுக்குப் புறம்பானதாகவே தோன்றும்.

அவர் வாழ்வோ வேறு சான்று பகர்கின்றது. நீதிமன்றத்தில் அமர்ந்துகொண்டே கைக்கூலி வாங்குவோரை இடித்துப் பாடினார். பெண் கல்விக்காக வாதாடினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகட்குக் கஞ்சி வார்த்தார். அவருடைய கொடையை நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வியந்து பாடினார். சிவனடியார் ஒருவர் கத்தோலிக்கர் ஒருவரைப் போற்றியது அவருடைய திருமுழுக்கை நோக்கி அன்று. கஞ்சித் தொட்டியை நோக்கி. பசித்தவனுக்கு உணவிட்டது எனக்கே இட்டதாகும் என்னும் கருத்தில் ஏசு கூறியதை அறிந்தோர்க்கு, மாயூரத்துக் கஞ்சித் தொட்டி கிறித்தவ உரைநூல் ஒன்றினும் தெளிவான உரை.

அதற்காக, பெயர் சொல்லுதல் வேண்டாம் என்பது முடிவன்று. கிருஷ்ணபிள்ளை பெயரைச் சொல்லி உருகினார். வேதநாயகம் பிள்ளை சொல்லாமல் வாழ்ந்து காட்டினார். இருவரிடத்தும் மெய் உண்டு. ஆகையால் பெயர் இருப்பதும் இல்லாததும் அளவுகோல் ஆகா என்பதே முடிவு.

வடக்கன்குளத்துச் சுவர்

இவ்வினா நூல்களோடு முடிவதன்று என்பதற்கு நெல்லைச் சீமையிலேயே மற்றொரு சான்று உண்டு. திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை என்பார் 1745-ல் வடக்கன்குளம் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருளை உணர்த்தும் தமிழாக்கம் அது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். மக்கள் யாவரும் சமம் என்று வற்புறுத்தினார். பல கொடுமைகளுக்கு உள்ளாகி, 1752-ல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1870-களில் எழுந்த ஆலயம் இரு கால்களாகப் பிரிந்து நின்றது. ஒரு கால் வேளாளர்க்கு. மறு கால் நாடார்க்கு. பீடம் ஒன்று, நடுவில் பிரிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடுப்பு நீக்கப்பட்டது. அதை மீட்கக் கோரி வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் பிரிவினை கேட்டோர் தோற்றனர். சாதியை மறுத்தவர் நனைந்த ஊரிலேயே சாதிக்குச் சுவர் எழுப்பியோரும் தம்மைக் கிறித்தவர் என்றே அழைத்துக்கொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

2012-ல் தேவசகாயம் முத்திப்பேறு பெற்றோராக அறிவிக்கப்பட்டபோது 'பிள்ளை' என்னும் பின்னொட்டு உடன் வழங்கியது. சாதியை மறுத்தவர்க்குச் சாதிப்பெயரா என்று மக்கள் முறையிட்டனர். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தபோது, தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே நின்றது. ஒரு பெயர்ப்பலகை கழன்றது நன்று. ஆயினும் திருச்சிராப்பள்ளியில் கிறித்தவர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைச் சாதியால் பிரித்த சுவரை எதிர்த்து இந்நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. பெயரினின்று சாதியை எடுப்பது ஒரு நாள் வேலை. மண்ணினின்று எடுப்பது தலைமுறைகளின் வேலை.

நம் வகுப்பறையில்

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தவை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கடாரத்துத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பலர் கங்காணிகளின் பின்னே வந்தனர். கங்காணி தம் ஊராரையும் உறவினரையும் திரட்டிக் கொணர்ந்தமையால், ஊரின் நற்பண்புகளோடு ஊரின் சாதியும் கப்பலேறிற்று. திருநீறும் சிலுவையும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்தன. அவ்வாழ்க்கையில் மதிப்புப் பெற்றவர் யார்? நோயுற்றவனுக்குக் கஞ்சி கொண்டு சென்றவர். சாவு வீட்டில் முதலில் நின்றவர். கதவின்மேல் இருந்த சின்னத்தைக் கொண்டு எவரும் அவரை மதிக்கவில்லை. இன்றும் ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாமில் நடைபெறும் புனித அன்னாள் திருவிழாவுக்குக் கிறித்தவரல்லாதோரும் மெழுகுவத்தியோடு செல்கின்றனர். அடையாளத்தைவிட வேண்டுதல் ஆழமானது என்பதை எளிய மக்கள் அறிவர்.

மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியைப் பார்த்த மாணவர்க்கு இதை விளக்குதல் எளிது. 1930-களில் அகழ்ந்து, 1960-ஐ ஒட்டி மீண்டும் அடுக்கிவைத்த கல்தளம் அது. மரத்தூணும் கூரையும் காலத்தால் அழிந்தன. அதைச் சைவக் கோயில் என்போரும் உளர்; பௌத்தச் சார்பு கண்டோரும் உளர். வழிபட்டோர் மறைந்தபின் எஞ்சுவது கல்லும், கல்லுக்கு எப்பெயர் இடுவது என்னும் வழக்குமே. உயிருள்ள நம்பிக்கையையும் வெறும் பெயரால் அறிய முற்பட்டால், உயிரோடிருக்கும்போதே அதைத் தொல்பொருள் ஆக்கியவர் ஆவோம்.

ஆகவே தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். கிறித்தவ இலக்கியத்தைக் கற்பிக்கும்போது பட்டத்தையும் ஆண்டையும் சொல்லுக, அவையும் வேண்டுவனவே. அவற்றோடு நில்லற்க. பெத்லகேம் குறவஞ்சியைக் கற்பிக்கும் நாளில், குறத்தியை ஏன் விசுவாசமாக்கினார் என்று மாணவரை வினவுக. பின்னர், அக்குறத்திக்கு ஆலயத்தில் எந்த இடம் கிடைத்தது என்பதையும் வினவுக. குமார பருவத்தில் ஒரு பகுதியையேனும் வாய்விட்டுப் படித்து, எவ்விடத்தில் புலவர் கம்பனை மறந்தார் என்று கேட்க. இவ்வினாக்களுக்கு விடை காண மாணவன் கிறித்தவனாய் இருத்தல் வேண்டா. சைவ மாணவனும் இசுலாமிய மாணவனும் விடை தரலாம். தந்தபின், தன் வீட்டுச் சமயத்தின் பெயரையும் மெய்யையும் அதே கோலால் அளந்து பார்க்க அவனுக்குத் தோன்றும். அவ்வெண்ணம் ஒரு மாணவன் உள்ளத்தில் எழுந்தால், அன்றைய இலக்கியப் பாடம் தன் பயனை எய்திவிட்டது.